நாற்பது ஆண்டு நகராண்மை: சர் பிட்டி தியாகராயரும் வடசென்னையும்



நம் மேடைகளில் முதலமைச்சர்களைப் பற்றிப் பேசுகிறோம். கட்சி தொடங்கியவர்களைப் பற்றியும் சிறை சென்றவர்களைப் பற்றியும் பேசுகிறோம். மாநகராட்சி உறுப்பினர் ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பேசுவது அரிது. கவுன்சிலர் என்ற சொல்லைக் கேட்டவுடன் அடைத்துக்கொண்ட சாக்கடையும் எரியாத தெருவிளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனாலேயே அது சின்னப் பதவி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அடைத்துக்கொண்ட சாக்கடை யார் வீட்டு வாசலில் இருக்கிறதோ, அவருக்கு அது சின்ன விஷயமே அல்ல.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியின் நிறுவனர்களில் ஒருவராக அவரை எல்லோரும் அறிவோம். அவருடைய பொதுவாழ்வின் பெரும்பகுதி கட்சி மேடையில் கழியவில்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தில் கழிந்தது. 1882 முதல் 1923 வரை நாற்பது ஆண்டுக்கு மேல் அவர் அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தார். மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி தேடி வந்தபோது அதை மறுத்தார். மாநகராட்சித் தலைவர் நாற்காலியில் நிறைவோடு இருந்தார். அவர் மனத்தில் இந்த இரண்டு பதவிகளும் எந்த வரிசையில் இருந்தன என்பதை விளங்கிக்கொண்டால் வடசென்னையின் நூறாண்டுக் குறை ஒன்றும் நமக்கு விளங்கும் என்பது என் துணிபு.

நெசவும் உப்பும் தோலும்

தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகம். பிட்டி என்பது குடும்பப் பெயர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று நாம் இன்று சொல்லும் வட்டாரம்தான் அவர்களுடைய வாழ்வும் தொழிலும்.

அவர் பிறந்த காலத்து வட மெட்ராஸைக் கொஞ்சம் மனத்தில் கொண்டுவர வேண்டும். துறைமுகம் என்று ஒன்று அப்போது கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவரும். அவருக்கு நான்கு வயதானபோது, 1856-ல், இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அவர் முப்பதை நெருங்கும்போது செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டு வந்தது. 1881-ல் அடித்த புயல் அதை உடைத்துப்போட்டது. மறுபடியும் கட்டினார்கள். தண்டவாளமும் கப்பல்துறையும் சேர்ந்து வந்த இடத்தில் கிடங்குகள் வந்தன, ஆலைகள் வந்தன, அவற்றுக்கு ஆட்கள் வந்தார்கள். வடசென்னை உழைப்பாளர் ஊரானது அப்படித்தான். அந்த மாற்றத்தோடு கூடவே வளர்ந்தவர் தியாகராயர்.

மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். படித்தவர்கள் பெரும்பாலும் வக்கீல் தொழிலுக்கோ சர்க்கார் உத்தியோகத்துக்கோ போன நாளில் அவர் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். நெசவும் தோலும் உப்பும் அந்தக் குடும்பத்தின் தொழில்கள். நெசவில் அவர் செய்தது குறிப்பிடத்தக்கது. பழைய கைத்தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை வீசி மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி நெய்வது கடினம், வேகமும் குறைவு. கயிற்றை இழுத்தால் நாடா தானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் முறையை அவர் தம் பிட்டி நெசவாலையில் பெரிய அளவில் கொண்டுவந்தார். நெசவாளியின் கையிலிருந்து தொழிலைப் பிடுங்காமல், அதே கையை வேகப்படுத்திய மாற்றம் அது. தென்னிந்திய வர்த்தக சபை 1909-ல் உருவானபோது அதன் முதல் தலைவராக அவரைத்தான் இந்திய வணிகர்கள் தேர்ந்தார்கள். ஐரோப்பிய வணிகர்களின் சபை அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்தது. இந்திய வணிகர்களுக்கென்று ஒரு குரல் அப்போதுதான் அமைந்தது.

மாமன்றம்

சென்னை மாநகராட்சி 1688-ல் தோன்றியது. பழமையால் அது பெருமைக்குரியது. ஆனால் ஊர் மக்கள் தங்கள் ஆளை அதற்குள் அனுப்பும் உரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் கிடைத்தது. 1878-ல் வந்த சட்டம் 32 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. சொத்து வைத்திருந்து வரி கட்டுகிறவருக்கு மட்டும்தான் வாக்கு. கூலிக்காரருக்கு இல்லை. தலைவர் சர்க்கார் நியமிக்கும் அதிகாரி. இப்படிப் பாதி திறந்த கதவு வழியாகத்தான் 1882-ல் தியாகராயர் உள்ளே போனார்.

அன்றைய மாமன்றத்தின் வேலை என்ன? குடிநீர், வடிகால், சாலை, விளக்கு, சந்தை, தடுப்பூசி, இடுகாடு, ஆரம்பப் பள்ளி. காலராவும் அம்மையும் பிளேக்கும் ஊரைச் சுற்றிவந்த காலம் அது. செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872 முதல் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குழாய்களில் ஊருக்குப் போனது. திறந்த கால்வாயில் வருகிற தண்ணீர் எந்த நிலையில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணல் படுகையில் வடிகட்டிய தண்ணீர் கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கால்வாய்த் தண்ணீரிலிருந்து வடிகட்டிய தண்ணீருக்கு ஊர் வந்துசேர்ந்த அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் தியாகராயர் மன்றத்தில் இருந்தார். வரவுசெலவைப் பார்ப்பதும் ஒப்பந்தத்தை அலசுவதும் எந்தப் பேட்டைக்குக் குழாய் போயிற்று, எந்தப் பேட்டைக்குப் போகவில்லை என்று கேட்பதும் மன்ற உறுப்பினரின் வேலை. கைதட்டு வாங்கித் தராத வேலை. அதில் ஒருவர் நாற்பது வருடம் சலிக்காமல் இருந்தார் என்பதே என்னைப் பொறுத்தவரை அவருடைய முதல் சாதனை.

1913-ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டு மன்றம் அங்கே குடிபுகுந்தது. உள்ளாட்சிக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று 1882-ல் தீர்மானம் கொண்டுவந்த வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு. அதே 1882-தான் தியாகராயர் உறுப்பினரான ஆண்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் எண்ணிக்கையை 50 ஆக உயர்த்தியது. தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றும் ஆக்கியது. அப்படி வந்த முதல் தலைவர் தியாகராயர். சர்க்கார் அதிகாரிகள் மட்டுமே அமர்ந்துவந்த இடத்தில் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பத்து மனிதர் வந்து அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்சியும் மறுத்த பதவியும்

1916 வரை அவர் காங்கிரஸ் பக்கம் இருந்தவர். மாகாணத்தில் படிப்பும் பதவியும் ஒரே வகுப்பாரிடம் குவிந்திருப்பதைக் கண்டு வந்த மனக்குறை அந்த ஆண்டில் அமைப்பாக உருப்பெற்றது. 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் கூடிய கூட்டத்தில் தென்னிந்திய மக்கள் சங்கம் அமைந்தது. அடுத்த மாதம் பார்ப்பனரல்லாதார் அறிக்கை தியாகராயர் பெயரில் வெளிவந்தது. 1917 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ்’ நாளிதழ் தொடங்கியது. மக்கள் அதன் பெயராலேயே கட்சியை அழைத்தார்கள்.

இதில் மாமன்றத்துக்கு ஒரு பங்கு உண்டு. கட்சியின் இரு தூண்களான தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் மாமன்றத்தில் எதிரெதிராக நின்று மோதியவர்கள். டாக்டர் சி. நடேச முதலியார்தான் இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். ஊர்க் காரியங்களில் மோதிப் பழகியவர்கள் ஒருவர் திறமையை ஒருவர் அறிந்திருந்தார்கள். பெரிய காரியம் வந்தபோது பழைய பகையை ஒதுக்கிவைக்க அந்தப் பழக்கம் உதவியது.

1920 நவம்பரில் நடந்த முதல் மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு ஆட்சி அமைக்கும்படி தியாகராயரை அழைத்தார். கட்சித் தலைவர் அவரே. வெற்றியும் அவர் தலைமையில் வந்ததுதான். அவர் மறுத்துவிட்டார். டிசம்பர் 17 அன்று கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். உடல்நலக் குறைவால் அவர் விலக, 1921-ல் பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கடைசிவரை கட்சித் தலைவராகவே இருந்தார்.

இந்த மறுப்பைத் தியாகம் என்று மட்டும் சொல்லிப் பாராட்டிவிட்டுப் போவது நம் வழக்கம். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். அமைச்சர்களும் ஆளுநரின் நிர்வாகக் குழுவும் துறைகளைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டை ஆட்சியில் அமைச்சர்களுக்குக் கிடைத்த துறைகள் சில. நிதியும் காவலும் அந்தக் குழுவின் கையிலேயே இருந்தன. மாமன்றத்திலோ ஒரு காலைத் தீர்மானம் சில மாதத்தில் ஒரு தெருவுக்குத் தண்ணீராகவோ ஒரு பிள்ளைக்குச் சோறாகவோ மாறக்கூடும். ஏறக்குறைய நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு எங்கே தம் கை எட்டும் என்பது தெரிந்திருக்கும். அவர் மாமன்றத்தை விட்டுப் போகவில்லை என்பதில் எனக்கு அந்தத் தெளிவும் தெரிகிறது.

1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். காங்கிரஸ் புறக்கணிப்புக்கு அழைத்திருந்தது. நகரில் கடையடைப்பும் கலவரமும் நடந்தன. மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயர் இளவரசரை வரவேற்றார். விதிப்படியான அங்கி அணியாமல் தம் வழக்கமான வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு நிற்க அனுமதி பெற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். ‘வெள்ளுடை வேந்தர்’ என்று அவரைத் தமிழர்கள் அழைத்துவந்திருக்கிறார்கள். சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் அவர் நிற்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த வாதத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. இந்த மாலையின் பொருள் வேறு.

ஓர் அணா

அவர் தலைமையில் நடந்த எத்தனையோ மன்றக் கூட்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16.

ஆயிரம்விளக்கில் மாநகராட்சி ஆரம்பப் பள்ளி ஒன்று. அங்கே வரும் பிள்ளைகள் ஏழைகள். அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை வெகுவாகப் பாதிக்கப்படுகிறது என்று தியாகராயர் மன்றத்தில் சொன்னார். பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம் என்ற முன்மொழிவை மன்றம் ஏற்றது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம்.

அந்த வாதத்தின் வரிசையைப் பாருங்கள். பிள்ளைகள் வரவில்லை, ஏன் வரவில்லை? வீட்டில் சோறு இல்லை. பசியோடு உட்கார முடியாத பிள்ளை வெளியே கூலிக்குப் போகிறது. ஆகவே பள்ளிக்கூடம் நடத்துகிறவர் சோற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏழையிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்று அவர் மன்றத்தைக் கெஞ்சவில்லை. கட்டிய கட்டடமும் வைத்த ஆசிரியரும் வீணாகாமல் இருக்க இந்தச் செலவு வேண்டும் என்று கணக்குச் சொன்னார். வரி கட்டுகிறவர்களின் பிரதிநிதிகள் நிறைந்த மன்றத்தில் அந்த மொழிதான் எடுபடும் என்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் வந்த அறிவு.

பின்னர் திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. பலன் எண்ணில் தெரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922–23-ல் 811 ஆக இருந்த மாணவர் சேர்க்கை 1924–25-ல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கு மேல்.

பிறகு தடை வந்தது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்யக் கூடாது என்று சர்க்கார் மறுத்தது. புத்தகமும் பலகையும் கல்விச் செலவு; சோறு கல்விச் செலவாகாது என்பதுதான் அந்த மறுப்பின் உள்ளடக்கம். 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது. அதே ஏப்ரல் மாத இறுதியில் தியாகராயர் காலமானார். 1927-ல் 25 பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மதிய உணவு மறுபடி தொடங்கியது.

அதன்பின் நடந்தது நாடறிந்தது. 1956-ல் காமராசரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் மு.க. ஸ்டாலினின் காலை உணவு. காலை உணவுத் திட்டத்துக்காக 2022-ல் வந்த அரசாணை 1920ஆம் ஆண்டு மாநகராட்சித் தீர்மானத்தைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது. சென்னையில் அதன் முதல் கட்டத்துக்குத் தேர்ந்த பள்ளிகளில் வடசென்னைப் பள்ளிகளே அதிகம். இந்தியாவில் பள்ளி உணவின் கதையை எழுதுகிறவர்கள் மாநில அரசுகளில் தொடங்குகிறார்கள். தொடக்கம் ஒரு நகர மன்றத்தில். பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, ஏன் வராமல் போகிறது என்பது தெரிந்த மன்றத்தில்.

எட்டாத இடம்

பாராட்டு மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் இந்த மேடைக்கு நான் நேர்மையாக இருந்ததாகாது.

1921-ல் பெரம்பூர் பின்னி ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் நிறுத்தத்தில் நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். பார்ப்பனரல்லாதார் எல்லோருக்குமான கட்சி என்று நம்பி வந்திருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் கட்சியைவிட்டு வெளியேறினார். கட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயருக்கு அந்தப் பிளவில் பொறுப்பு உண்டு. ஆயிரம்விளக்குப் பிள்ளையின் பசியைக் கண்டவரின் கட்சி, புளியந்தோப்புக் குடிசைக்காரர் பக்கம் நிற்கத் தவறியது. வாக்குரிமை யாரிடம் இருந்ததோ அவர்கள் குரலே மன்றத்திலும் கட்சியிலும் ஒலித்தது. வாக்கில்லாத உழைப்பாளியின் நியாயம் உள்ளே வர வழி இல்லை.

அந்த வழியைத் திறக்க வந்தவர்கள் உண்டு. மீனவக் குடும்பத்தில் பிறந்து, 1923 மே 1 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய ம. சிங்காரவேலர் 1920களின் நடுவில் மாமன்ற உறுப்பினராக இருந்தார். 1937-ல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை நகரின் முதல் ஆதிதிராவிட மேயரானார். 2022 மார்ச்சில் வடசென்னை மங்களபுரத்து வார்டில் வென்ற ஆர். பிரியா தலித் பெண் ஒருவராக முதன்முறை மேயர் அங்கியை அணிந்தார். தியாகராயர் காலத்து வாக்காளர் பட்டியலில் அவருடைய முன்னோர் பெயர் இருந்திருக்க வழியே இல்லை. அந்த நாற்காலி இத்தனை தூரம் வந்திருப்பதை இந்த வட்டாரத்தின் பெருமையாகவே நான் கருதுகிறேன்.

பெயர் போன திசை

1920களில் மயிலாப்பூர்ப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தெற்கே ஒரு புது நகர் அமைத்தார்கள். அகலமான சாலைகள், நடுவில் பூங்கா. அதற்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டார்கள். இன்று தி.நகர் என்று சொல்கிற ஆயிரம் பேரில் அந்தப் பெயருக்குரியவர் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து மனிதர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வடக்கே அவர் நினைவு கல்வியாக நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-ல் உருவான சர் தியாகராயா கல்லூரி, இந்த வட்டாரத்தில் முதல் பட்டதாரி என்ற பெயரை எத்தனையோ வீடுகளுக்குத் தந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ பாதையில் ஒரு நிலையமும் அந்தக் கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயரோடு திட்டமிடும் கையும் தெற்கே போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். தெற்குக்குப் பூங்கா, வடக்குக்குக் கிடங்கு என்று நகரம் தன்னைத்தானே பங்கிட்டுக்கொண்டது. 1948-ல் எண்ணூரில் மோட்டார் ஆலை வந்தது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எண்ணூரில் அனல் மின்நிலையங்கள், பின்பு இன்னொரு துறைமுகம். வேலை கிடைத்தது, அதை மறுக்க முடியாது. புகையும் சாம்பலும் கண்டெய்னர் லாரிகளும் கொடுங்கையூர்க் குப்பை மேடும் கூடவே வந்தன.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

இந்த மாற்றங்கள் வந்தபோது நம் கவுன்சிலர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், விடை கசப்பானது. 1973 டிசம்பர் 1 அன்று மஸ்டர் ரோல் எனும் கூலியாள் வருகைப்பதிவேட்டில் நடந்த முறைகேட்டைக் காரணம் காட்டி மாமன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. இடையில் ஏறக்குறைய 23 ஆண்டு. அந்தக் காலத்தில் தனி அலுவலர்கள் நகரை நடத்தினார்கள். மன்றம் இல்லாத அதே காலத்தில்தான் 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம் போயின. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. குடிசைப் பகுதி வீடுகள் இன்னொரு வாரியத்திடம். தியாகராயர் நாற்பது ஆண்டு எதற்காக மன்றத்தில் உட்கார்ந்தாரோ, அந்த வேலைகளில் பாதி இன்று மன்றத்தின் கையில் இல்லை. ஒரு முறைகேட்டுக்குத் தண்டனை மன்றத்துக்கு. விளைவைச் சுமந்தது ஊர்.

2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் தனி நகராட்சிகளாக இருந்த நிலை மாறி, 200 வார்டுகளில் முதல் வார்டே எண்ணூரில் தொடங்கியது. நல்லதுதான் என்று நம்பினோம். 2016 அக்டோபரில் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் மறுபடியும் மன்றம் இல்லை.

அந்த ஐந்தாண்டில் என்னென்ன நடந்தன? 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. வாளியும் கையுமாக ஆட்கள் அள்ளினார்கள். 2020-ல் கொரோனா வந்தது; நகரிலேயே நெடுநாள் அதிகம் பாதித்த மண்டலம் இராயபுரம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்வது எப்படி, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இடைவெளி விடுவது எப்படி என்ற கேள்விகளை மன்றத்தில் எழுந்து கேட்க ஒருவர்கூட இல்லை. “கவுன்சிலராண்ட சொல்லிக்கினியா?” என்பது நம் தெருக்களில் எந்தக் குறை வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி. அந்த ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கே பொருள் இல்லாமல் போயிருந்தது. அதிகாரிகளும் தூய்மைப் பணியாளர்களும் உழைத்தார்கள். அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மாற்றலாகிப் போகிற அதிகாரியும், அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு வந்து நிற்க வேண்டிய உறுப்பினரும் ஒன்றல்ல.

மன்றம் திரும்பிய பிறகும் சோதனை தீரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுமுகத்தில் பரவி, எண்ணூர் மீனவர்களின் படகும் வலையும் கருத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்தக் குழாய் பற்றியோ ஆற்றில் கொட்டும் சாம்பல் பற்றியோ முடிவெடுக்கும் இடங்களில் முதல் வார்டு உறுப்பினருக்கு நாற்காலி கிடையாது. துறைமுகம் மத்திய அரசிடம், மின்நிலையம் மாநிலத்திடம், மாசுக் கட்டுப்பாடு வாரியத்திடம். விளைவு மட்டும் வார்டில்.

என்ன செய்யலாம்

தியாகராயர் வாழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, மன்றம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. எந்த ஆட்சி இருந்தாலும், வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று எந்தக் காரணம் வந்தாலும், தேர்தலைத் தள்ளிப்போடுவதைச் சட்டமன்றத் தேர்தலைத் தள்ளிப்போடுவதற்குச் சமமான குற்றமாக மக்கள் கருத வேண்டும். அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்.

இரண்டு, பறிபோன வேலைகள் திரும்ப வேண்டும். அதே திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர அமைப்புகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. குடிநீரும் நகரத் திட்டமிடலும் அதில் உண்டு. எண்ணூரிலும் மணலியிலும் புதிய ஆலையோ விரிவாக்கமோ வரும்போது மாமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும். அந்த வார்டு உறுப்பினரின் கருத்து பதிவாக வேண்டும். முடிவு வேறு இடத்தில் எடுக்கப்படலாம். கேள்வி இங்கே கேட்கப்பட வேண்டும்.

மூன்றாவது நம் கையில் இருக்கிறது. வார்டு மக்கள் நேரில் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் முதல் கூடத் தொடங்கியிருக்கின்றன. அங்கே போய் உட்காருவதும், பள்ளியில் எத்தனை பிள்ளை சேர்ந்தது, எத்தனை பிள்ளை நின்றது என்ற கணக்கைக் கேட்பதும் நமக்கு முடியாத காரியமல்ல. இந்த அரங்கில் இருக்கும் இளைஞர்களிடம் நேராகவே கேட்கிறேன்: சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக ஆசைப்படுங்கள், தவறில்லை. ஆனால் உங்களில் சிலர் மாமன்றத்துக்குப் போங்கள். போய் நெடுநாள் அங்கேயே இருங்கள். அதை மேலே ஏறும் படியாக மட்டும் நினைக்காதீர்கள். பட்ஜெட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை அலசக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று தெரிந்துகொண்டு, அதை மன்றம் ஒப்புக்கொள்ளும் மொழியில் தீர்மானமாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு நகர மன்றம் ஒரு பள்ளிக்காக ஓர் அணாவை ஒதுக்கியது. இன்று தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் அதன் பலனை உண்கிறார்கள். அடுத்த அப்படியொரு தீர்மானம் எண்ணூரிலிருந்தோ கொருக்குப்பேட்டையிலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ வரட்டும். அதை எழுதப்போகிறவர் இந்த அரங்கில் இருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருக்கு இந்தச் சொற்பொழிவு ஒரு சிறு துணையாக இருந்தால், இதற்கு இடம் கொடுத்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் எண்ணம் நிறைவேறியதாக மகிழ்வேன்.